மூணு செகண்டு வாத்தியார்

மூன்று. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். ஒரு மனிதர் இந்த ஒற்றை எண்ணைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார்.

இரட்டை இஞ்சின் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அறைக் கதவில் ‘தலைமைப் பயிற்சியாளர்’ என்று பித்தளைத் தகடு. அதை அவரே துடைப்பார். ஷெட்டில் மெக்கானிக்குகள் வைத்த பெயர் ‘மூணு செகண்டு’. வானத்தில் ஓர் இஞ்சின் நின்றால் மூன்று நொடிக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். எந்தப் பாடநூலில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், “பாடநூலா பறக்குது?” என்பார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். சாப்பாட்டு மேசையிலும் தொங்கும். குழம்பில் ஒருமுறை முங்கியும் எழுந்திருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். இரண்டில் ஒன்று நின்றுபோனால், நின்ற பக்கம் விமானத்தின் மூக்கு திரும்பும். நேராக்க எதிர்ப்பக்க மிதியைக் காலால் அழுத்த வேண்டும். எந்தக் கால் சும்மா கிடக்கிறதோ, அந்தப் பக்க இஞ்சின்தான் செத்தது. அதன் விசையைக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் சந்தேகம் தீர்ந்தது. பிறகுதான், செத்த விசிறி காற்றைத் தடுக்காதபடி அதன் இதழ்களைக் காற்றுக்கு ஒட்டினாற்போல் திருப்பிவிடும் நெம்புகோலைத் தொட வேண்டும். அவசரத்தில் நல்ல இஞ்சினின் நெம்புகோலை இழுத்துவிட்டால், இரண்டு இஞ்சினும் போச்சு. மிச்சத்தைத் தரை பார்த்துக்கொள்ளும்.

குறைத்துப் பார்ப்பதை நம் ஆள் கழித்துக்கட்டிவிட்டார். நேரமாகிறதாம்.

அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவள் அவருடைய சொந்த மகள். ஒற்றை இஞ்சினில் நன்றாகத் தேறியவள். இரட்டை இஞ்சின் தேர்வுக்கு அவளை அனுப்ப அவர் வாய்திறந்து ‘சரி’ சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வேறு பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தேறி வேலைக்குப் போனார்கள். இவள் மட்டும் அப்பனின் கடிகாரத்துக்குக் கீழே கிடந்தாள்.

“ஆடி அசைஞ்சு பாத்துட்டு, அப்புறம்தான் கை போகுது உனக்கு. மூணு செகண்டுல வராத வரைக்கும் தேர்வு கிடையாது,” என்றார் ஒருநாள் இரவு, சாப்பாட்டு மேசையில்.

“தப்பா இழுத்துட்டா என்னப்பா பண்றது?”

“நான் பக்கத்துல எதுக்கு உக்காந்திருக்கேன்? வேடிக்கை பாக்கவா?”

அவள் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: “பொண்ண விமானம் ஓட்ட அனுப்புறீங்களா, ஓட்டப் பந்தயத்துக்கா?”

மறுநாள் காலை இருவரும் பறந்தார்கள். மகள் இடது இருக்கையில், அப்பா வலதில். உயரம் போதுமான அளவு இருந்தது. இன்றைக்கு இடது இஞ்சினைக் குறைத்து மகளைத் திணறடிக்க வேண்டும் என்று மனசில் முடிவுகட்டி, கையை மெல்லக் கொண்டுபோனார். கை போய்ச்சேருவதற்குள் வலது இஞ்சின் தானாகவே இருமி நின்றது. எரிபொருள் பம்பு உடைந்திருந்தது. மெக்கானிக்குகள் பிறகு பிரித்துப் பார்த்துச் சொன்னார்கள்.

மூக்கு வலப்பக்கம் இழுத்தது. மகள் இடது காலை அழுத்தினாள்.

“இடது! இடது!” என்று கத்தினார் மேதை. கத்திய கையோடு இடது நெம்புகோலைப் பிடித்து இழுக்கவும் போனார்.

மகள் அவர் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

“கைய எடுங்கப்பா! என் வலது கால்தான் சும்மா கிடக்கு!”

“நான் சொல்றேன், இடது!”

“எடுங்கன்னா!”

எடுத்தார். அவள் வலது விசையைக் குறைத்துப் பார்த்தாள். மாற்றமில்லை. வலது நெம்புகோலை இழுத்தாள். இடது இஞ்சின் ஒன்றே இருவரையும் சுமந்துகொண்டு வந்து ஓடுபாதையில் இறக்கியது.

இறங்கியதும் வெட்கப்பட்டிருக்க வேண்டும். நம் ஆள் நேரே கேன்டீனுக்குப் போய், தேநீரை உறிஞ்சிக்கொண்டு, சுற்றியிருந்தவர்களிடம் கதையளந்தார். “வேணும்னேதான் தப்பாக் கத்துனேன். பொண்ணு மெரள்றாளான்னு பாத்தேன். மெரளல. வளர்ப்பு அப்படி.”

கைதட்டவும் ரெண்டு பேர் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு எங்கேயும் ரெண்டு பேர் கிடைப்பார்கள்.

மகள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இஞ்சின் நின்னப்ப உங்க காலு எங்க இருந்துச்சு?”

“எங்கன்னா?”

“மிதியிலயா, சீட்டுக்கு அடியிலயா?”

ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் காலை மடக்கி இருக்கைக்குக் கீழே செருகிக்கொள்வதுதான் அவர் வழக்கம். வாத்தியார் மிதியில் கால் வைத்தால் மாணவன் சோம்பேறியாகிவிடுவான் என்று அதற்கும் ஒரு சித்தாந்தம் உண்டு.

“ரெண்டு காலும் சும்மா கிடந்தா, எந்த இஞ்சின் செத்துச்சுன்னு எப்படிப்பா தெரியும்?”

மூத்த மெக்கானிக் தன் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டுமே செத்துச்சுன்னு நெனச்சிருப்பாரும்மா.”

கைதட்டிய இருவரும்கூடச் சிரித்துவிட்டார்கள். மூணு செகண்டு தேநீரைப் பாதியில் விட்டு எழுந்து, வாசலில் நின்று, முதுகைக் காட்டியபடியே, “தேர்வுக்குப் போய்த் தொலை” என்றார். மன்னிப்பு, நன்றி எதுவும் வரவில்லை.

தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாள். கடிகாரம் இல்லாதவர். விமானம் இறங்கியதும் எல்லோர் முன்னாலும் மகளின் கையைக் குலுக்கி, “பாஸ்மா” என்றார்.

அப்பா வேலி ஓரமாக, கழுத்தில் அதே ஸ்டாப்வாட்ச்சோடு நின்றிருந்தார். மகள் கிட்டே வந்தாள். வாழ்த்துச் சொல்வார் என்று நினைத்தீர்களா?

“எத்தன செகண்டு ஆச்சு?”

“பதினொண்ணு.”