ஆறு மலையேறிய கிரகம்

அந்த வீட்டில் பிரம்மா என்றால் கடவுள் இல்லை, லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்திரண்டு வயது, முழங்கையில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ், வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு. காலை ஆறிலிருந்து இரண்டு வரை அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பான். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, வாஷிங் மெஷின் நிற்கும் சின்ன அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிரபஞ்சத்தைப் படைப்பான். எட்டு வருடமாகத் தனி ஆளாக ஒரு விண்வெளி விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தான். அதனால் கிடைத்த பட்டம்தான் பிரம்மா. வைத்தவள் மனைவி. பாசத்தில் வைக்கவில்லை.

"கோடி கோடியா கிரகம் பண்றாரு, குழாய்க்கு ஒரு வாஷர் மாத்த நேரமில்ல" என்பாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். பேச்சு சுருக்கென்று இருப்பதில் ஆச்சரியமில்லை.

கோடி கிரகம் என்றால் கோடி கிரகத்தையும் அவன் உட்கார்ந்து வரையவில்லை. அது மனிதனால் ஆகிற காரியமா? அடியில் ஒரே ஒரு எண். அதற்கு விதை என்று பெயர். அந்த விதையிலிருந்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்துகொண்டே இருக்கும். முதல் எண் சூரியனின் நிறம், அடுத்தது கிரகத்தின் பருமன், அதற்கடுத்தது மலையின் உயரம். யார் எப்போது போனாலும் அதே விதை, அதே வரிசை, அதே மலை. எதையும் சேமித்து வைக்கத் தேவையில்லை. எட்டு வருடத்தில் அவன் பெருமைப்பட்ட ஒரே விஷயம் இதுதான்.

ஆனால் விளையாடிப் பார்க்க ஆள் பிடித்தபோது அந்தப் பெருமை சந்தி சிரித்தது. இலவசமாகக் கொடுத்தும் வந்தவர்கள் முந்நூறு பேர். அத்தனை பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றையே எழுதினார்கள்: "பத்து கிரகம் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான்." இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரும் தங்கவில்லை. ஒரே மாதிரியா? ஒவ்வொரு கல்லும் வேறு வேறடா பாவிகளா என்று அவனுக்குக் கத்த வேண்டும்போல் இருக்கும். கடலில் கரைத்த பெருங்காயமாய்ப் போயிற்று எட்டு வருட உழைப்பு.

தங்கியது ஒரே ஒருவர். அவன் மாமியார்.

மகள் வீட்டோடு இருந்தவர், மருமகனின் பிரபஞ்சத்தை ஆறு வருடம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, நடக்கக்கூடாது என்று உட்கார வைத்தபோது, பொழுது போகாமல் அந்த விளையாட்டைத் திறந்தார். ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கினார். இறங்கியவர் கிளம்பவே இல்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வரைபடம் வரைந்தவர் அவர். சொந்தக் காலால் நடக்க முடியாதவர் திரைக்குள் நடந்தார். ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு எத்தனை நொடி என்று குறித்தார், பெரிய தாளில் கோடு போட்டார். இரண்டு வருடத்தில் ஒன்பது தாள். கால் சரியான பிறகும் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அங்கேதான் இருந்தார். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் அவருடைய கையெழுத்து. அலுவலகத்தில் அவர் வரைந்ததற்கெல்லாம் கையெழுத்துப் போட்டது அதிகாரி. விளையாட்டு வெளியாகும்போது அந்த வரைபடத்தையும் கூடவே தருவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தான். "வர்றவங்க வழி தெரியாம முழிக்கக் கூடாதில்ல" என்றார் அவர்.

அவர்தான் ஒருநாள் சொன்னார். "மாப்பிள்ளை, வடக்குப் பக்கம் ஒரு ஆறு மலை மேல ஏறுது."

"அது சின்ன தப்பு அத்தை. அப்புறம் பார்த்துக்கலாம். நீங்க நேரா வரைஞ்சிடுங்க."

"ஏறுதுன்னா ஏறுதுன்னுதான் வரைவேன். அங்க என்ன இருக்கோ அதான் படம்."

அந்த 'அப்புறம்' ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. விளையாட்டுகளை விற்கும் தளம் ஒன்றிலிருந்து கடிதம். எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஆறுகள் மேட்டில் ஏறுகின்றன, இன்று மாலை ஐந்துக்குள் திருத்தி அனுப்பினால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வருடம். அடுத்த வருடம் என்று மனைவியிடம் இன்னொரு முறை சொல்ல அவனுக்கு வாய் இல்லை. லிஃப்ட் குழிக்குள் நின்றபடியே யோசித்து, வீட்டுக்கு வந்து அரை மணியில் திருத்திவிட்டான். ஆறு எங்கே பிறக்க வேண்டும் என்று முடிவுசெய்ய வரிசையிலிருந்து கூடுதலாக ஒரே ஒரு எண்ணை எடுத்தான். ஒரே ஒரு வரி. நாலு கிரகத்தில் இறங்கிப் பார்த்தான். தண்ணீர் அழகாகப் பள்ளம் பார்த்து ஓடியது. சந்தோஷம் தாங்காமல் மாமியாரைக் கூப்பிட்டான்.

"அத்தை, வந்து உங்க ஆத்தைப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தன் கிரகத்தின் எண்ணைப் பார்க்காமலே தட்டினார். திரையில் மஞ்சளாக ஒரு வாயு உருண்டை வந்தது. மலையும் இல்லை, ஆறும் இல்லை, கால் வைக்கத் தரையே இல்லை.

"தப்பா தட்டிட்டேன் போல" என்று இன்னொரு முறை தட்டினார்.

பிரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. டோக்கன் வாங்கும் வரிசையில் நடுவில் ஒருவன் இரண்டு டோக்கன் எடுத்தால், அவனுக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரின் எண்ணும் மாறிவிடும் அல்லவா? அதேதான். ஆறு கூடுதலாக எடுத்தது அதற்குப் பின்னால் நின்ற மலையின் எண்ணை, மலைக்குக் காட்டின் எண் வந்தது, காட்டுக்கு அடுத்த கிரகத்தின் எண் வந்தது. பிரபஞ்சம் மொத்தமும் ஓர் இடம் தள்ளி நின்றது. மலைக்கு ஒரு வரிசை, ஆற்றுக்கு ஒரு வரிசை என்று ஆரம்பத்திலேயே பிரித்திருக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் அவனுக்கு அது தெரியாது. இப்போது பிரிக்க உட்கார்ந்தால் ஒரு வருடம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகன் உடைத்ததற்குப் பழமொழி இல்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். மணி நாலே கால்.

"பழசு அப்படியே இருக்கு அத்தை. உங்களுக்கு மட்டும் இந்தக் கம்ப்யூட்டர்ல வெச்சுத் தரேன்."

"யாரும் வராத ஊருக்கு எதுக்கு மாப்பிள்ளை படம்?"

"அப்ப பழசையே அனுப்பிடறேன். ஆறு ஏறினா ஏறட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பக்கம் பயம், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்று இன்னொரு பக்கம் ஆசை. அந்த ஆசை தனக்குள் இருந்ததில் அவனுக்கு அவன் மீதே வெறுப்பு வந்தது.

"தப்புன்னு தெரிஞ்சே அனுப்புவாங்களா? சரியானதை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவன் நாலே ஐம்பதுக்கு அனுப்பினான்.

விளையாட்டு வெளியாயிற்று. எழுநூறு பேர் வாங்கினார்கள். ஆறுகளைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆறுகளைப் பற்றி ஒருவரும் எதுவுமே சொல்லவில்லை. "பத்து கிரகம் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான்." இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். எரிச்சலில் அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கோடி கிரகம் இருந்தது, குடியிருக்க ஓர் ஆள் இல்லை. இருந்த ஒருவரையும் அவனே துரத்தியிருந்தான்.

மூன்றாம் நாள் கூடத்தில் மாமியார் எதிரில் போய் நின்றான்.

"அத்தை, ஒரு கிரகம் பார்த்து வெச்சிருக்கேன். பழசைவிட நல்ல மலை. பெரிய ஆறு, பள்ளத்துலதான் ஓடுது. நீங்க வந்து பார்க்கணும்."

துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷம் நடந்து அளந்தேன் மாப்பிள்ளை. நாளைக்கு வேற ஒண்ணைத் திருத்துவீங்க, மறுபடியும் எல்லாம் நகரும். இனிமே திருத்த மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வரேன்."

இரண்டு வார்த்தைதான். திருத்த மாட்டேன். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் சட்டைப் பையில், அன்று காலை லிஃப்ட்டின் மேல்தட்டில் உட்கார்ந்து எழுதிய தாள் இருந்தது. மேகம் தரையைத் தொடுகிறது, நிலவுக்கு இரண்டு நிழல், மரம் தலைகீழ் என்று முப்பத்தேழு தப்புகள். அவன் கை தானாகப் பையைப் பொத்திக்கொண்டது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, சாப்பிட வாங்க. ஆறிடும்" என்றார்.