பாலத்து அரக்கனை முதலில் அடிப்பது யார்?

இருந்தவர்கள் இவர்கள். நான். என் தங்கை வள்ளி. அவள் கொழுந்தன் சேது — அக்காள்மடத்தில் கடை வைத்திருக்கிறவர். வள்ளியின் மகன் பாண்டி — சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கடைசியாக ஓர் அரக்கன். அட்டையில் வெட்டிய பொம்மைதான் அவன்.

போன ஞாயிறு மத்தியானம். வள்ளி வீட்டுக் கூடம். கரண்ட் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் பாண்டிக்குக் கல்யாணம். அவன் அப்பா உயிரோடு இல்லை. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பாதான் தாலியை எடுத்துக் கொடுப்பார். அவர் இல்லையென்றால்?

தாய்மாமன் என்கிறேன் நான். சித்தப்பன் என்கிறார் சேது. ரெண்டு மாதமாகப் பேச்சு இல்லை. அவர் மேடை ஏறினால் நான் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று நான் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். பத்திரிகை அடிக்காமல் கிடக்கிறது.

வள்ளியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை. புருஷன் போனவள் தாலியைத் தொடமாட்டாள். மேடைக்குக் கீழே, தூணோரம் நிற்பாள்.

எங்கள் இரண்டு பேரையும் பேச வைக்கத்தான் பாண்டி அந்த விளையாட்டைக் கொண்டுவந்தான். ஆளுக்கொரு வேஷம். எனக்கு வாள். சேதுவுக்குக் கோடரி. வள்ளி வைத்தியச்சி. பாண்டி கதை சொல்வான். எதிரியும் அவன்தான். கையில் ஒரு டைஸ், நெல்லிக்காய் மாதிரி.

"தாயம் விழுந்தாத்தான் இறங்கணுமா?" என்றேன்.

"தாயமெல்லாம் இல்ல மாமா. இதுக்கு இருபது முகம். கூட விழுந்தா நல்லது. அவ்வளவுதான்."

கதைப்படி, பாலத்தின் நடுவில் அரக்கன் நிற்கிறான். எங்களைக் கடக்க விடமாட்டான்.

"பாம்பன் பாலமா?" என்றார் சேது.

"இல்ல சித்தப்பா. கற்பனைப் பாலம்."

"ஏலே, அங்கன ஒரு தோணி கெடைக்காமயா போச்சு? சுத்திப் போயிருவோம்."

"தோணி இல்ல. சண்டை போட்டுத்தான் ஆகணும். ரெண்டு நாளா ஒக்காந்து பேலன்ஸ் பண்ணியிருக்கேன்."

"பேலன்ஸ்னா? அவனும் நாமளும் சமமா?" — நான்.

"சமம்னா ரெண்டு ஆட்டத்துக்கு ஒன்னுல நீங்க செத்துருவீங்க மாமா. நீங்கதான் ஜெயிக்கணும். ஆனா தோத்துருவோமோன்னு பயந்துக்கிட்டே ஜெயிக்கணும்."

"அதுக்குப் பேரு பேலன்ஸா?"

"ஆமா."

எனக்குப் புரியவில்லை. என் தோட்டத்து மிளகாய் வத்தல் மூட்டையைத் தராசில் ஏற்றுகிறேன். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் கமிஷன் கடைக்காரரோடு சண்டைக்குப் போவேன். இங்கே சாய்ந்திருந்தால்தான் சரியாம்!

யார் முதலில் அடிப்பது என்பதற்கும் டைஸ். சேதுவுக்குத்தான் அதிகம் விழுந்தது.

"சித்தப்பா மொதல்ல" என்றான் பாண்டி.

"அதெப்படி? தாய்மாமன் இங்கன இருக்கேன்ல?" பாண்டியிடம்தான் சொன்னேன்.

சேது வள்ளியைப் பார்த்தார். "மதினி, ஒங்க அண்ணன்ட்ட சொல்லுங்க. தாயக்கட்டையே சொல்லிருச்சு."

வள்ளி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "எதுக்க தான ஒக்காந்திருக்காரு. நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. நானும் விடவில்லை. இப்படி இழுத்துக்கொண்டே இருந்தால் அரக்கன் சும்மா இருப்பானா? இருவருக்கும் அடி. வள்ளி தன்னிடமிருந்த மருந்தையெல்லாம் எங்கள் இருவருக்கும் போட்டுத் தீர்த்தாள்.

பாண்டி யோசித்தான். "சரி, ஒன்னு மாத்துறேன். மொதல்ல அடிக்கிறவங்களத்தான் அரக்கன் திருப்பி அடிப்பான். பலமா."

சேது டைஸை என் பக்கம் தள்ளினார்.

பிறகு ரெண்டு மாதத்தில் முதல்முறையாகச் சேது என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மச்சான், நீங்க மூத்தவுக. மொதல்ல நீங்க போங்க."

"கட்டை ஒங்களத்தான சொல்லுச்சு?"

"கட்டை கெடக்கு. தாய்மாமனுக்கு மேல யாரு இருக்கா?"

"சித்தப்பன்னா அப்பனுக்குச் சமம்ல... நீங்க போங்க."

பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். யாரும் அடிக்காமல் முறை வீணானதால் அரக்கன் இருவரையும் இன்னொரு தடவை அடித்தான். இன்னும் ஓர் அடி பட்டால் இருவரும் காலி.

"அம்மா, ஒன் முறை. மருந்து வேற தீந்துபோச்சு."

"நான் அடிக்கலாமா?"

"அடிக்கலாம். ஆனா ஒங்கிட்ட மருந்து இடிக்கிற உலக்கைதான் இருக்கு. பதினெட்டுக்கு மேல விழுந்தாத்தான் படும். பட்டா, தண்ணிக்குள்ள விழுந்துருவான்."

"நீ சும்மா இரு வள்ளி" என்றேன்.

"மதினி, நீங்க பின்னால நில்லுங்க" என்றார் சேது.

அன்றைக்கு எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது அது ஒன்றுதான்.

வள்ளி கையைச் சேலையில் துடைத்தாள். போட்டாள். டைஸ் உருண்டுபோய் முறத்தில் மோதி நின்றது. பாண்டி குனிந்து பார்த்தான். "அம்மா!" என்று கத்தினான்.

அரக்கன் பொம்மையை அவளே எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள்.

"தாலிய நானே எடுத்துக் குடுக்குறேன்" என்றாள்.

சேதுதான் முதலில் வாய் திறந்தார். "மதினி... ஊரு என்ன சொல்லும்?"

"மொதல்ல போனா அடி விழும்னு தெரிஞ்சதும் ரெண்டு பேரும் நின்னுட்டீகள்ல? ஊரு அடிச்சா அந்த அடிய நான் வாங்கிக்கிறேன்."

சேது என்னைப் பார்த்தார். நான் அரக்கனைப் பார்த்தேன். அவன் குப்புறக் கிடந்தான்.

வாசலுக்கு வந்து பாண்டியிடம் கேட்டேன். "இதுதான் ஒன் பேலன்ஸா?"

"சத்தியமா இல்ல மாமா. நீங்களும் சித்தப்பாவும் சேர்ந்து அடிச்சா விழுற மாதிரிதான் பண்ணேன். அம்மா அடிக்கும்னு நான் கணக்குலயே வைக்கல."

நானும்தான் வைக்கவில்லை.

பஸ்ஸுக்கு நானும் சேதுவும் ஒன்றாகவே நடந்தோம். பாதி தூரம் போனதும் அவர் கேட்டார். "மச்சான், இப்ப நாம ஜெயிச்சமா, தோத்தமா?"

"தெரியலையே" என்றேன். இன்னும் தெரியவில்லை. பாலத்தைத் தாண்டிவிட்டோம், அதுமட்டும் உண்மை. பயந்தோமா? பயந்தோம். அப்படியானால் பாண்டி கணக்குப்படி இது பேலன்ஸ்தானோ?

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. மேடையில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். வள்ளிக்கு ஆளுக்கொரு பக்கம், கொஞ்சம் பின்னால்.

வள்ளிக்கு டைஸில் என்ன விழுந்தது என்று சொல்லவில்லையே...

பத்தொன்பது.