செல்லத்தாய் படித்த தாய்லாந்து பாஷை

திருப்பூர் நெருப்பெரிச்சலில் செல்லத்தாயைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் மயக்கிவிட்டான் என்கிறார்கள். இல்லை, இவள்தான் அவனை மயக்கினாள் என்கிறார்கள். கருவாட்டுக் குழம்பில் மருந்து வைத்தாள் என்று பால் வாங்கும் இடத்தில் ஒருத்தி சொன்னாள். பால் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஒன்பது வருஷம் செல்லத்தாய்க்குப் பக்கத்தில் நின்றவள் நான். பெயர் கோமளா, சேவூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். நடந்ததை நான் சொல்கிறேன்.

அவளுக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். இருபத்தெட்டு வயதில் புருஷனை லாரி அடித்துப் போட்டுவிட்டது. ஆறு வயது மகள் ஜோதிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவளை அண்ணன் தவசி திருப்பூருக்குக் கூட்டி வந்து, தான் பேக்கிங் பிரிவில் இருக்கும் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டார். பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பதினாறு வருஷமாக வாரம் ஒருமுறை சொல்லிக்காட்டினால் அது உதவியா, உபத்திரவமா? அவள் நல்ல சேலை கட்டினால் கேள்வி, சினிமாவுக்குப் போனால் கேள்வி, சிரித்தால்கூடக் கேள்வி. அவளும் தலையைக் குனிந்தே வருஷத்தை ஓட்டினாள்.

எங்கள் வேலை குறை கண்டுபிடிப்பது. டியூப் லைட்டுக்கு அடியில் பனியனை விரித்துப் பார்ப்போம். ஓட்டை, கறை, தையல் விட்டது என எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்போம். குறை சரியான பிறகு ஸ்டிக்கரைப் பிய்த்துவிட வேண்டும். அதை மறந்தால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

போன வருஷம் பங்குனியில் புது கட்டிங் மெஷின் வந்தது. அதைப் பொருத்தித் தரத் தாய்லாந்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மானோப் என்று பெயர், ஐம்பது வயது இருக்கும். மனைவி இறந்து ஏழு வருஷம், பிள்ளைகள் இல்லை. கேன்டீன் சாம்பாரை மனுஷன் மருந்து குடிப்பதுபோலத்தான் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் செல்லத்தாய் டப்பாவைத் திறந்தாள். நெத்திலிக் கருவாடு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். அந்த மனுஷன் வாசனையைப் பிடித்துக்கொண்டு நான்கு டேபிள் தாண்டி வந்து நின்று, டப்பாவைக் கையால் காட்டி, "ஓகே?" என்று கேட்டார். "ஓகே" என்றாள் அவள். அவ்வளவுதான் ஆரம்பம். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை.

ஆறு வாரம் இருந்தார். இருவருக்கும் தெரிந்த இங்கிலீஷ் கம்பெனி இங்கிலீஷ்தான். "லன்ச் ஃபினிஷ்?" "ஃபினிஷ்." "டுமாரோ?" "டுமாரோ டபுள் குவான்டிட்டி." இதற்குமேல் பேச்சு போகாது. அவர் ஊருக்குப் போன அடுத்த நாள் மத்தியானம் போனில் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் சாப்பிட்டார்கள். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார்.

பிறகுதான் செல்லத்தாய் பாஷை படிக்க ஆரம்பித்தாள். ஒரு தாய்லாந்து டீச்சரம்மா போன் வீடியோவில் வந்து, காதலர்கள் பேசும் பேச்சை ஒவ்வொன்றாக மூன்று தடவை சொல்லும். செல்லத்தாய் அதைத் தமிழ் எழுத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரில் எழுதி டேபிள் விளிம்பில் ஒட்டிக்கொள்வாள். கை பனியனைத் திருப்பும், வாய் முணுமுணுக்கும்.

"ஏஞ்சாமி, போனுலயே பாஷை மாத்திச் சொல்லுதாமா. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"அது சொன்னா அது லவ் பண்ற மாதிரி இருக்குக்கா" என்றாள். "எனக்குள்ளத நான்தான் சொல்லணும்."

முதலில் படித்தது 'கின் காவ் ரூ யாங்'. சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். "இதென்ன லவ்வு, இத நாங்க வாசல்ல வர்ற எல்லார்த்துகிட்டயும் கேப்பமே" என்றேன். அங்கேயும் அப்படித்தானாம், ஆனால் ஒருவரிடமே தினமும் கேட்டால் அது வேறு என்றாள். பொம்பளை பேசினால் கடைசியில் மரியாதைக்கு ஒரு 'கா' சேர்க்க வேண்டுமாம், ஆம்பளை பேசினால் 'க்ராப்' என்று சேர்க்க வேண்டுமாம். அது மட்டும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நாங்கள் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடவில்லையா?

அவளுக்குப் பிடித்தது 'கிட் துங்'. பிரிந்திருப்பவர்கள் சொல்லிக்கொள்வது. கிட் என்றால் நினைப்பு, துங் என்றால் போய்ச் சேருவது. நினைப்பு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள், பாருங்கள் அந்த ஊர்க்காரர்களை!

கொஞ்ச நாளில் டேபிளே படித்துவிட்டது. எதிரில் நிற்கும் நாகஜோதி 'சன் ரக் குன்' என்று பாட்டு மாதிரி பாடுவாள். உன்னைக் காதலிக்கிறேன் என்று அர்த்தம். நான் ஒரு நாள் வீட்டில் என் வீட்டுக்காரர் ஆறுச்சாமியிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். மனுஷன் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஏம்புள்ள, வாய் கோணுதா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று பதறினார். மறுநாள் இதைச் சொன்னதும் டேபிளே விழுந்து சிரித்தது. செல்லத்தாய் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க இதத் தமிழ்ல எப்பவாவது சொல்லிருக்கீகளாக்கா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை.

"நானும் சொன்னதில்ல. அவுகளோட ஏழு வருசம் குடும்பம் நடத்தினேன். ஆசையிருந்துச்சு, சொல்ல நாக்குக் கூசிச்சு. நான் சொல்றதுக்கு முன்னாலயே போயிட்டாக" என்றாள். "தாய்லாந்து பாஷைல கூச்சமே வரலக்கா."

வீட்டில் பீரோக் கதவின் உள்பக்கம் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். காலையில் துணி எடுக்க ஜோதிகா அந்தக் கதவைத்தான் திறப்பாள். ஆனால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகளுக்குக் காங்கேயத்தில் மாப்பிள்ளை பேசி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அண்ணன் கத்துவதைக்கூடத் தாங்கலாம், மகள் பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது என்று செல்லத்தாய் என்னிடம் அழுதிருக்கிறாள்.

விஷயம் வெடித்தது ஒரு பனியனால். ஆனி மாதம், ஷிப்மென்ட் அவசரம். பேக் செய்து வைத்த பெட்டியைத் திறந்து பார்த்த மேனேஜர் மகுடேஸ்வரன், ஒரு பனியனின் நெஞ்சில் ஒட்டியிருந்த அம்புக்குறி ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டு வந்தார். அதில் 'கிட் துங்' என்று எழுதியிருந்தது.

"ஏனுங்கம்மா, இது யாரு வேலைங்க? என்ன எழுத்து இது? டேமேஜ் கோடா?" என்று பிரிவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

நான் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்லத்தாய் கையைத் தூக்கிவிட்டாள். "என்னுதுதான் சார். பிய்க்க மறந்துட்டேன், தப்புதான்."

"அர்த்தம் என்னங்க?"

"நெனப்பு வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம் சார். தாய்லாந்து பாஷை."

யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். மேனேஜருக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. "பீஸ்ல ஒட்டாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆனால் பேக்கிங் பிரிவில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த தவசியின் கை நின்றுபோனதை நான் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்து ஊரே அவள்மேல் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டியது.

அந்த வாரம் வியாழக்கிழமைதான் மானோப் அவளிடம் 'தெங் ஙான் கன் ந' என்று கேட்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்பது அது. ஐப்பசியில் லீவு போட்டு இங்கே வந்து முறைப்படி பேசுகிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன் என்றாள் இவள்.

ஞாயிறு மத்தியானம் தவசி அவள் வீட்டுக்கு வந்து நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செல்லத்தாய் போன் செய்து என்னைக் கூப்பிட்டாள். நான் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். ஜோதிகா சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள்.

"பேரன் எடுக்குற வயசுல உனக்கு என்னட்டி லவ்வு?" என்றார் தவசி. "கம்பெனியில தலை நிமிந்து நடக்க முடியல. இன்னிக்கு அவன் கூப்புடுவான்ல? என் கண்ணு முன்னாடி முடிச்சுக்கிட்டேன்னு சொல்லு. இல்லன்னா ஆவணியில பந்தலுக்கு நான் வரமாட்டேன். தாய்மாமன் மாலை போடாம உம் மக எப்படி மணையேறுதான்னு பாப்போம்."

"ஏனுங்க தவசி, புள்ள கல்யாணத்த வெச்சா மெரட்டறது?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. இது குடும்ப விசயம்" என்றார்.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. செல்லத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தாள். மானோப் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, பொண்ணு பார்க்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். இவள் மெதுவாக, டீச்சரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கிட் துங் கா. சன் ரக் குன் கா. தெங் ஙான் கன் கா."

மானோப் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தவசி எட்டிப் பார்த்தார். அவர் உடம்பு அப்போதுதான் தளர்ந்தது. "அழுதுட்டான். சரி, பாவம்தான். முடிஞ்சதுல்ல? போன வை" என்றார்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை! இதைவிட நல்ல வழி எங்கே கிடைக்கும்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாலையும் வரும், கல்யாணமும் நடக்கும், மற்றதை ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் அவள் தொடையில் கிள்ளினேன். "ஆமான்னு சொல்லீரு அம்மிணி" என்று காதில் சொன்னேன்.

அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள்.

"இல்லண்ணே, எதுவும் முடியல" என்றாள். "நான் என்ன சொன்னேன்னு தமிழ்லயே சொல்லுதேன், கேட்டுக்கோ. உங்க நெனப்பு எங்கிட்ட வந்து சேந்துருச்சுன்னு சொன்னேன்."

தவசியின் முகம் மாறியது.

"உங்க மேல எனக்கு..." என்று நிறுத்தினாள். நாற்பத்துநான்கு வருஷம் எந்த மனிதனிடமும் சொல்லாத சொல், இப்போது அண்ணன் முன்னால், மகள் முன்னால். "உங்க மேல எனக்கு ஆசைன்னு சொன்னேன். கல்யாணம் கட்டிக்கிடுவோம்னு சொன்னேன். தெரியாத பாஷைல சொல்லி ஒன்ன ஏமாத்த எனக்கு இஷ்டமில்ல. நான் திருடலண்ணே, ஒளிச்சு வைக்க."

தவசி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அப்போ பந்தல்ல என்னத் தேடாத" என்று கத்தினார்.

"தேட மாட்டேன்" என்றாள் செல்லத்தாய். தலை குனியவில்லை. "நீ செஞ்சத நான் மறக்கல. தாம்பாளத்துல மாலை இருக்கும். வந்தா எடுத்துப் போடு. வராட்டி நானே போடுவேன். பத்து மாசம் சுமந்தவளுக்கு ஒரு மாலையத் தூக்கத் தெரியாதா?"

பிறகுதான் அவள் சமையல் மேடைப் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நேரம் இருந்த தைரியம் எங்கே போனதோ, முகம் சுருங்கிவிட்டது. "ஜோதி, வேண்டாம்னா நீ சொல்லு. ஒனக்காக விட்டுருதேன். மாமா சொல்லி விட மாட்டேன்."

ஜோதிகா மேடையை விட்டு நகர்ந்தாள். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மா கையிலிருந்த போனை வாங்கினாள். அந்தப் பக்கம் மானோப், இங்கே என்ன சண்டை என்று தெரியாமல், கண்ணைக்கூடத் துடைக்காமல் காத்திருந்தார். ஜோதிகா ஒருமுறை தொண்டையைச் செருமினாள்.

"கின் காவ் ரூ யாங் கா?" என்று கேட்டாள்.

பீரோக் கதவைத் தினமும் திறந்தவள் ஒன்றையும் விடாமல் படித்திருக்கிறாள். மரியாதைக்குச் சேர்க்கும் 'கா'வைக்கூட விடவில்லை. செல்லத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வாசல்படியில் ஒரு காலை வைத்திருந்த தவசி அப்படியே நின்றார்.

"யாங் க்ராப்" என்றார் மானோப்.

ஜோதிகா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு இன்னும் சாப்புடலீங்களாம், அம்மா" என்றாள்.