ரத்தினம்மா ஒரு தாயை மெய்ப்பித்த கதை

கண்ணோட்டம் என்பது பிறர் துயர் கண்டவிடத்து நெஞ்சு நெகிழ்தல். அஃது இன்சொல்லோடு இணைந்தே வரும் என்பது நூலோர் துணிபு. கோரமண்டல் என்னும் பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பில் ஆஷா சுகாதாரப் பணியாளராகப் பன்னிரண்டு ஆண்டுகள் வீடு வீடாக நடந்த ரத்தினம்மாவை அந்நூலோர் கண்டதில்லை. அவளிடம் கண்ணோட்டம் கடலளவு இருந்தது. இன்சொல் ஒரு கரண்டியும் தேறாது. கருவுற்ற பெண் எதிர்ப்பட்டால், "இன்னாமே, இரும்பு மாத்திரைய முழுங்கினியா, கோழிக்குப் போட்டியா?" என்பதே அவள் நலம் விசாரிக்கும் முறை.

அவள் பொறுப்பிலிருந்த வீடுகளுள் வள்ளியின் வீடும் ஒன்று. வள்ளியின் மகள் ரோஜாவுக்கு வயது பத்தொன்பது. மடியில் மூன்று மாதப் பெண்மகவு. அதன் தந்தை ஹேமந்த் நாள்தோறும் முதல் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று மாலையில் மீள்பவன். ஒருநாள் ரயில் மட்டும் மீண்டது.

பள்ளிக்கூடம் பெருக்கும் வள்ளியின் ஊதியத்தில் மூன்று வயிறுகள் நிறையவில்லை. பங்காருபேட்டையிலிருந்த அவள் தங்கை ராதிகாவுக்கோ மகப்பேறு இல்லை. குழந்தையைத் தான் வளர்ப்பதாகவும், ரோஜா தையல் கம்பெனிக்குப் போகலாம் என்றும் அவள் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துச் செல்வதாக ஏற்பாடு. ரோஜா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழந்தையை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

தலைப்பேற்றுக்கு அரசு தரும் உதவித்தொகையும், பாலூட்டும் தாய்க்கு அங்கன்வாடியில் இடும் மதியச் சோறும் முட்டையும் கிடைத்தால் ரோஜா நிமிர்ந்து நிற்கலாம். இரண்டுக்கும் ரத்தினம்மாவே விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தாள். வியாழனன்று மறுமொழி வந்தது: நேரில் விசாரித்ததில், குறித்த முகவரியில் அப்படியொரு தாய் இல்லை.

"இல்லியா?" என்றாள் ரத்தினம்மா. "அப்ப தெருவே அதிர்ற மாதிரி கத்துறது இன்னா, ரேடியோவா?"

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சுரங்கக் கம்பெனி காலத்தில் ஒவ்வொரு குடியிருப்பும் தன் வீட்டு வரிசைகளான லைன்களைத் தானே ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டது. வள்ளியின் வீடு எட்டாம் லைன், பதினான்காம் எண். அதே எண் வீடு கோரமண்டலிலும் உண்டு, பக்கத்துக் குடியிருப்பான ஸ்கெலட்டனிலும் உண்டு. உள்ளூரார் லைனும் எண்ணும் எழுதினால் போதும் என்றிருப்பர். ஊரறிந்ததை எழுதுவானேன் என்பது அவர்கள் நினைப்பு. ரத்தினம்மாவும் அப்படியே எழுதியிருந்தாள். புதிதாக வந்த விசாரணைக்காரர் ஸ்கெலட்டனுக்குப் போய்விட்டார். அங்கே அவ்வீட்டில் தனியே வாழ்பவர் ராஜப்பா, சுரங்கத்தில் மரத்தூண் நட்டவர், எழுபத்தெட்டு வயதினர்.

ரத்தினம்மா அவரிடம் ஓடினாள். "தாத்தா, யாராச்சும் விசாரிக்க வந்தாங்களா?"

"வந்தாரே. 'பால் குடுக்குற அம்மா கீறாங்களா'ன்னாரு. எனுக்குக் கடைசில பால் ஊத்தவே ஆளில்லப்பான்னேன். எழுதிக்கினு போயிட்டாரு."

வெள்ளியன்று காலை ரோஜா, குழந்தை, ராஜப்பா மூவரையும் ஓர் ஆட்டோவில் அடைத்து, மறுமொழி அனுப்பிய அலுவலகத்தில் இறக்கினாள். மேசைக்குப் பின்னால் வேணுகோபால் என்னும் அலுவலர்.

"சார், உங்க ரிப்போர்ட்டுப்படி அந்த வீட்டு ஆளு இவருதான். முட்டைய இவருக்குக் குடுக்குறீங்களா, இந்தப் பொண்ணுக்கா?"

"மெதுவா பேசுங்கம்மா. புருஷன் ஆதார் எங்க?"

"புருஷனே எங்க கீறான்னு தெரியல, ஆதார எங்க தேடுவேன்? அது வோணாம்னு உங்க பேப்பர்லயே போட்டுக்கீது. படிங்க."

மடித்து மடித்துக் கிழிந்த சுற்றறிக்கையை அவள் விரித்து வைத்தாள். வேணுகோபால் இருமுறை படித்தார். பழைய அறிக்கையைத் திருத்த வேண்டுமானால் அந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். ராஜப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கல்லில் எழுத்துப் பொறிப்பவரைப் போல எழுதினார்: 'நான் தாய் அல்ல. இதற்கு முன்னும் இருந்ததில்லை.' கடைநிலை ஊழியர் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார்.

"விண்ணப்பத்துல குடியிருப்புப் பேரே இல்லியே. யாரு எழுதினது?" என்றார் வேணுகோபால்.

ரத்தினம்மாவின் குரல் தாழ்ந்தது. "நான்தான் சார். தப்பு என்னுது. அதுக்கு இவ ஏன் சார் குழந்தைய வுடணும்? நாளான்னிக்கு எடுத்துக்கினு போக வராங்க."

அவர் ரோஜாவை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சாயங்காலம் நானே வரேன். வழிய நீங்க நின்னு காட்டுங்க. எங்க ஆள் மாதிரி நானும் ஒரு கிழவர் வீட்டுல போய் நிக்க முடியாது."

வந்தார்; கண்டார்; கையொப்பமிட்டார். உதவித்தொகை தவணையாய் வர இன்னும் நாளாகும். ஆயினும் சனிக்கிழமை மதியம் ரோஜா அங்கன்வாடிப் பாயில் அமர்ந்து, சோறும் சாம்பாரும் முட்டையும் ஒரு பருக்கை விடாமல் உண்டாள்.

ஞாயிறன்று ராதிகா புதுச்சட்டையோடும் கூடையோடும் வந்தாள். ரோஜா குழந்தையை அணைத்தபடி வாசலில் நின்றாள். "சித்தி, இவள பாக்க எப்ப வோணா வாங்க. எடுத்துக்கினு போக வராதீங்க."

வள்ளி திரும்பி ரத்தினம்மாவை முறைத்தாள்.

"என்னிய இன்னா பாக்குற? உனுக்கும் கஷ்டந்தான் இருந்துச்சு. இவள யாருக்காச்சும் குடுத்தியா?"

வள்ளி ராதிகாவின் கையிலிருந்த கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். ராதிகா சற்றுநேரம் அழுதாள். பின்னர்ப் புதுச்சட்டையைக் குழந்தைக்குத் தன் கையாலேயே போட்டு அழகு பார்த்து, சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலேறினாள்.

ரத்தினம்மாவின் இல்லம் நீடு பொலிக! அவள் கூரைத் தகடு ஒருபோதும் ஒழுகாதிருக்க! அவள் கணவன் முனிரத்தினத்துக்கு நெடிய ஆயுளும், அவளோடு வாழ வேண்டிய பொறுமையும் இறைவன் குறைவின்றி அருள்க! அவர்தம் மக்கள் பல்கிப் பெருகி, எந்த அலுவலக வாசலிலும் காத்து நில்லாது வாழ்க!