அண்ணி திருப்பிக் கொடுத்த கடல்

இதைப் படிக்கப் போகிறவர்கள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேரடித் தெரு ஸ்டுடியோவில் போட்டோ உறைகளின் மேல் பெயர் எழுதியதைத் தவிர, இத்தனை வருஷத்தில் வேறு எதையும் எழுதியதில்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். எங்கே எந்த ‘ர’ போடுவது என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பீரோவின் மேல் செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டிய ஒரு பொட்டலம் இருக்கிறது. அதற்குள் இருப்பது ஒரு கடல். கயிற்றில் உள்ள முடிச்சு நான் போட்டதல்ல, அண்ணி போட்டது. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. நேற்றிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் வேலைக்குப் போகவும் மனசில்லாமல் இருக்கிறேன்.

அண்ணியின் அப்பா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரர். வாலிப வயதில் மரம் அறுக்கும் வேலைக்கு அந்தமானுக்குக் கப்பலேறி, அங்கேயே தங்கிவிட்டவர். பெண்ணை மட்டும் சொந்தத்தில் கொடுக்க வேண்டும் என்று 1989இல் எங்கள் அண்ணனுக்குக் கட்டி வைத்தார். அண்ணன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி வீடு. கதவைத் திறந்தால் மலை, ஜன்னலைத் திறந்தால் மலை. ஊரெல்லாம் கொடுத்துவைத்தவள் என்று சொன்ன அந்த வீட்டில் அண்ணியால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. அரிசி களைந்த கையோடு வாசலுக்கு வருவார், உள்ளே போவார், மறுபடியும் வருவார். நான் கூச்சக்காரன். பெண்களிடம் தலை நிமிர்ந்து பேசாதவன். அப்படிப்பட்ட நானே ஒருநாள், “இன்னா அண்ணி தேடறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒண்ணுமில்ல தம்பி. இந்த மலை நேத்து இருந்த எடத்துலயே இருக்குதானு பாத்தேன்.”

“மலை எங்க அண்ணி போவும்?”

“அதான் தம்பி. எங்கயும் போவாது. எங்க வீட்டாண்ட காலைல இருந்த தண்ணி மத்தியானம் இருக்காது. இங்க எல்லாமே நின்ன எடத்துலயே நிக்குது.”

பௌர்ணமியன்று மட்டும் அவர் முகம் வேறாக இருக்கும். ஜனங்கள் பாதை கொள்ளாமல் வந்துகொண்டிருக்க, கேட்டைப் பிடித்தபடி நின்று பார்ப்பார். இது ஒன்றுதான் இந்த ஊரில் அலை மாதிரி வந்து போகிறது என்பார். கூட்டம் ஏற ஏற, “இந்நேரம் எங்க பாறையெல்லாம் முழுகியிருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பௌர்ணமிக்குக் கடல் பொங்கும் என்பது எனக்குத் தெரிந்ததே அப்படித்தான்.

பிறந்த ஊருக்குப் போய்வர வேண்டும் என்று வருஷா வருஷம் கப்பல் பேச்சு எழும். அண்ணன் எரிந்து விழுவார். கடைசியில் தொண்ணூற்றிரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு முடிவு சொன்னார்.

“டேய், உங்க அண்ணிய நீ இட்டுகினு போய்ட்டு வா. என்னால வேன வுட்டுட்டு வர முடியாது. அந்தக் கடலு, பாறை, அங்க இன்னா எழவு இருக்குதோ, எல்லாத்தையும் கேமராவுல புடிச்சிகினு வா. பெருசா பிரேம் போட்டு கூடத்துல மாட்டிடலாம். அதோட கப்பல் பேச்சு முடிஞ்சிடணும். இன்னா சொல்ற?” கடைசிக் கேள்வி அண்ணிக்கு.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிராமலே சொன்னார். “கடல கொண்ணாந்து சுவத்துல மாட்டிட்டா நான் ஏங்க போவப் போறேன்?”

அண்ணன் சொன்ன சொல் மாறாதவர். அண்ணியும் அப்படித்தான். ஒருத்தியின் பிறந்த ஊரை என் கழுத்தில் தொங்குகிற பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது.

மெட்ராஸிலிருந்து கப்பல். இறங்கி, வடக்கே போகிற பஸ். வழியில் கடல் குறுக்கிட்டால் பஸ்ஸையே படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். அண்ணியின் ஊர்க் கரையில் மணல் கம்மி. எல்லாம் கறுத்த பாறை, உடைந்த பற்களைப் போல. தாழம்புதர்கள் பாறை விளிம்புவரை வந்து, இனி இடமில்லை என்று நின்றிருந்தன. வேரோடு சாய்ந்த பெரிய மரங்கள் உப்பேறி எலும்பு நிறத்தில் கிடந்தன. கரையை விட்டுக் கொஞ்சம் கடலுக்குள்ளே ஒரு பாறை. அதன் நடுவில் ஓட்டை. பெரிய அலை வந்து மோதினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டுப் பனையளவு எழும்பும். ஊதும் சத்தம் ஒன்று கேட்கும். சின்ன வயதில் அதற்குச் சங்குப்பாறை என்று பெயர் வைத்ததாக அண்ணி சொன்னார். அங்கே அவர் நடந்த நடையை நான் அடி அண்ணாமலையில் பார்த்ததே இல்லை. வழுக்குப் பாறையில் வெறுங்காலோடு ஓடினார்.

நான் ஸ்டாண்டை ஊன்றி, கேமராவை வைத்து, காத்திருந்தேன். ஸ்டுடியோவில் கற்ற வேலை ஒன்றே ஒன்றுதான். எதிரே இருப்பவர் அசையக் கூடாது. குழந்தையானால் அழுகை அடங்க வேண்டும், கிழவரானால் இருமல் நிற்க வேண்டும், அப்புறம்தான் விரலை அழுத்துவேன். கடல் முன்னாலும் என் வாய் பழக்கத்தில் “அசையாதீங்க, அசையாதீங்க” என்று முனகியிருக்கிறது. அண்ணி அதைக் கேட்டுவிட்டார். “யாருகிட்ட தம்பி சொல்றீங்க?” என்று சிரித்தார். நான் வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படங்கள் வந்த அன்று கூடத்தில் எல்லாவற்றையும் பாயில் பரப்பினோம். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “டேய், இது நம்ம கீழ்பென்னாத்தூர் ஏரிடா” என்றார். அண்ணியும் பார்த்தார். ஒன்றில்கூட அலை இல்லை. சங்குப்பாறை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எருமைபோல அமைதியாக இருந்தது.

“தம்பி, அலை எங்க?”

“அடங்கட்டும்னு இருந்தேன் அண்ணி.”

அண்ணி சிரித்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னார். “ஏங்க, கடல் இன்னும் வரல. பேச்சு செல்லாது.”

“ரெண்டு பேரும் பேசி வச்சிகினு செஞ்சீங்களா?”

“தம்பியா? அவ்ளோ சாமர்த்தியம் இருந்தா ஏன் இன்னும் பாஸ்போர்ட் சைசு எடுத்துகினு இருக்காரு?”

அண்ணன் சொல் மாறாதவர் என்றேனே. வேறு வழியில்லாமல், கடல் வரும்வரை போய்வரட்டும் என்று விட்டுவிட்டார். தொண்ணூற்றைந்தில் மறுபடியும் போனோம். அந்த முறை அலை எழும்பும்போதுதான் அழுத்த வேண்டும் என்று வைராக்கியமாகப் போனேன். கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டிருந்தேன், நானே கழுவிக்கொள்ளலாம் என்று. பௌர்ணமிக்கு மறுநாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு அலை தூரத்திலிருந்தே தலையைத் தூக்கிக்கொண்டு வந்து சங்குப்பாறையில் உடைந்தது. ஸ்டாண்டு ஆடியது, என் முழங்கால்வரை தண்ணீர். விரல் எப்போது அழுத்தியது என்று எனக்கே தெரியாது.

ஸ்டுடியோ இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், தட்டிலிருந்த வெள்ளைத் தாளில் அந்த அலை மெல்ல எழுந்தது. முதலில் பாறையின் கறுப்பு. பிறகு பீறிடும் நுரை. பிறகு ஒரு ஓரத்தில், கையை விரித்துக்கொண்டு நிற்கும் அண்ணி. அதுவரை நான் எடுத்ததெல்லாம் முகங்கள். இது ஒன்றுதான் படம். பெரிதாகப் போட்டுக் காயவைத்தேன். காய்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்று உறைத்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அண்ணன் கூடத்தில் மாட்டுவார். மாட்டிவிட்டால், அண்ணிக்கு அதுதான் கடைசிக் கப்பல்.

ஃபிலிமில் லைட் புகுந்துவிட்டது, ஒன்றும் தேறவில்லை என்று சொல்லிவிட்டேன். “உன்ன நம்பி கல்யாணத்துக்குப் போட்டோ புடிக்கக் கூப்புடறாங்க பாரு, அவங்கள சொல்லணும்” என்றார் அண்ணன். அண்ணி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அதற்குப் பிறகும் போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் படம் தேறவில்லை என்றே சொன்னேன். ஒவ்வொரு முறை அந்த வீட்டுக்குப் போகும்போதும், நான் எடுத்த ஒரே நல்ல படத்தை யாராவது ஒருவர் பார்க்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். காட்டினால் கெட்டது. காட்டாமல் இருந்தால் தூக்கமில்லை. இப்படியே எட்டு வருஷம்.

இந்த வருஷம் அண்ணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனமாக இருக்கிறது, கப்பல் பயணமெல்லாம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் அண்ணன் ஸ்டுடியோவுக்கே வந்து, “உங்க அண்ணி இப்பெல்லாம் ஒரே எடத்துல உக்காந்துகினு இருக்காடா” என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. இனி மறைத்து என்ன பயன் என்று, நேற்று தீபத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போகும்போது பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

பாதை முழுக்க ஜனம். அண்ணி கேட் அருகே நாற்காலியில் இருந்தார். பிரித்து மடியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். விரலால் சங்குப்பாறையைத் தொட்டார், பிறகு ஓரத்தில் நின்ற தன்னை.

“எப்ப எடுத்தது தம்பி?”

“தொண்ணூத்தஞ்சுல அண்ணி.”

“லைட் புகுந்துடுச்சின்னீங்களே, அதுவா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் நின்ற அண்ணன், “அடப்பாவி” என்றார். கோபமாகத் தெரியவில்லை. அண்ணி படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“இத்தினி வருஷம் குடுக்கல. இன்னிக்குக் குடுக்கறீங்க. அப்ப, நான் இனிமே போவ மாட்டேன்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்க.”

 அண்ணியே செய்தித்தாளை மடித்து, படத்தைச் சுற்றி, கயிற்றைக் கட்டினார். அவருடைய அப்பா படகைக் கட்டும் முடிச்சு. மூச்சு வாங்கியது, ஆனாலும் இறுக்கமாகவே போட்டார். “எடுத்துகினு போங்க தம்பி. போய்ட்டு வந்து வாங்கிக்கறேன்” என்று என் கையில் வைத்தார். அந்த நேரம் மலையுச்சியில் தீபம் ஏற்றினார்கள். பாதையில் இருந்தவர்கள் எல்லாரும் கையைத் தலைக்குமேல் தூக்கி அரோகரா என்றார்கள். அண்ணியும் எழுந்து நின்று கும்பிட்டார்.

தெருமுனைவரை என்னோடு வந்த அண்ணன், கூட்டத்தின் சத்தத்தில் என் காதருகே குனிந்து சொன்னார். “அடுத்த கப்பல் எப்பனு கேட்டு வை. இந்த வாட்டி நானும் வரேன். அவகிட்ட இப்ப சொல்லாத.”

கப்பலை விசாரிப்பதா, டாக்டர் பேச்சைக் கேட்பதா என்று காலையிலிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். மறுபடியும் ஒருமுறை படத்தைப் பார்க்கலாம் என்று முடிச்சை இழுத்தேன், அது இன்னும் இறுகிக்கொண்டது. கத்தி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அவர் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கட்டிய கயிறு அது. அறுக்கவில்லை. பீரோ மேலேயே வைத்துவிட்டேன். இதை எழுதி முடித்ததும், கப்பல் எப்போது என்று விசாரிக்கப் போகிறேன்.

2003, கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்.