மைக்கில் வைத்த பெயர்

கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அதே ஒலிபெருக்கிக் குழாய்களைத்தான் கால்பந்துப் போட்டிக்கும் பூவரசு மரத்தில் கட்டுவார்கள். பின்னேரத்தில் ஒரு கீச்சொலியும், அதையடுத்து யாரோ மைக்கில் ஊதிப் பார்க்கும் "பூ... பூ..." என்ற சத்தமும் கேட்டால், அது என் அப்பாதான் என்று அரியாலையில் எல்லோருக்கும் தெரியும். அப்பா கணக்கு ஆசிரியர். வகுப்பில் அதிகம் பேசாதவர், மைக்கைப் பிடித்தால் ஆளே மாறிவிடுவார். விளையாட்டை விவரிப்பதைவிட விளையாடுகிறவர்களைப் "பகிடி" பண்ணுவதில்தான் அவருக்குப் புகழ். அதைக் கேட்பதற்கென்றே சனம் வரும். பத்து வயதுப் பிள்ளையான எனக்கு அதில் தாங்கமுடியாத பெருமை.

எங்கள் ஊர் அணியில் கோல் காக்கும் "கோலி" யோகன் மாமா. கடல்நீரேரியில் இறால் பிடிப்பவர். அவருடைய மகள் சுமதி வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள். அந்த வருட இறுதிப் போட்டியில் மூன்றாவது பந்து அவருடைய கால்களுக்கிடையால் உருண்டு உள்ளே போனபோது குழாய்கள் நாலாபக்கமும் முழங்கின.

"யோகனின்ரை வலையிலை மீனும் நிக்காது, பந்தும் நிக்காது. ஆள் ஒரு கிழிஞ்ச வலை!"

மைதானமே சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைக் கண்டு என் அருகில் இருந்த சுமதியும் முதலில் சிரித்தாள். யாரைச் சொன்னது என்று விளங்கியதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூட முற்றத்தில், அப்பாவின் குரலில், அதே வசனத்தை அவள் முன்னாலேயே நான் சொல்லிக் காட்டினேன். கேட்டவர்கள் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னேன்.

கிழமை முடிவதற்குள் சந்தையில் இறால் வாங்க வருகிறவர்களும் அவரைக் "கிழிஞ்சவலை" என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். ஒருநாள் யோகன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"மாஸ்ரர், நான் கோல் விட்டது பிழைதான். அதுக்கு என்னைப் பேசுங்கோ. என்ரை தொழிலை ஏன் இழுத்தனீங்கள்? பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுதுகொண்டு நிக்கிறாள்."

"அட, பகிடிக்குச் சொன்னது யோகன். உதைப் போய்ப் பெரிசா எடுக்கிறியே?" என்றார் அப்பா.

யோகன் மாமா போனபின் அம்மா, "அடுத்த போட்டியிலை மைக்கிலையே ஒருக்கா மன்னிப்புக் கேளுங்கோவன்" என்றார்.

"உதுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டா, பிறகு ஆர் என்னை மைக் பிடிக்கக் கூப்பிடுவினம்?"

பிள்ளையை அழவைத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோகன் மாமா அதற்குப் பிறகு விளையாடவில்லை. சில மாதங்களில் மனைவியின் ஊருக்கே குடும்பத்தோடு போய்விட்டார்.

அப்பாவை அடுத்த தேர்தலில் மேடைக்கு அழைத்தார்கள். எதிர் வேட்பாளரின் நொண்டிக் காலையும், அவர் மனைவி பிறந்த வீட்டையும் அப்பா பகிடி பண்ணினார். கைதட்டல் ஓயவில்லை; வீதிக்கு அப்பால் குளங்களையும் கிணறுகளையும் பற்றிப் பேசிய கூட்டத்தில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

இன்று அதற்கு மைக்கும் தேவையில்லை. வெள்ள வாய்க்கால் பற்றிக் கேள்வி கேட்ட ஒரு பெண் உறுப்பினரை, கணவனை இழந்தவள் என்று சொல்லிப் பிரதேச சபையிலேயே ஒருவர் கேலி செய்த காணொளியை, நான் படிப்பிக்கும் பிள்ளைகள் இடைவேளையில் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். கண்டிக்கப் போகிறேன்; மணியை அடித்து வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் திரும்புகிறேன்.

போன மாதம் சாவகச்சேரி பஸ் நிலையத்தில் சுமதியைக் கண்டேன். தகப்பன் இறந்து இரண்டு வருடம் என்றாள். அந்தப் பள்ளிக்கூட முற்றத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அப்பா இருக்கேக்கை வந்து கேட்டிருக்கலாம். ஒராளெண்டாலும் கேட்டதெண்டு அந்த மனிசன் நிம்மதியாச் செத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அன்று பின்னேரம் அப்பாவிடம், யோகன் மாமா செத்துவிட்டாராம் என்றேன். அப்பாவுக்கு இப்போது மறதி கூடிவிட்டது.

"எந்த யோகன்?"

பக்கத்து ஒழுங்கையில் அவர்கள் இருந்த வீட்டைச் சொன்னேன். அங்கே இப்போது மதில் கட்டிய விடுதி. சுமதியின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவேயில்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், மைக்கில் அவர் வைத்த அந்தப் பெயரைச் சொன்னேன்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "ஓ, அவனே! அண்டைக்குச் சனம் என்ன சிரிப்புச் சிரிச்சது!"

"ஓம் அப்பா" என்றேன்.