மேல்தட்டு யாருடையது

எனக்கும் அக்காவுக்கும் முதல் சண்டை சாம்பார்ப் பொடியால் வந்தது.

இத்தாலியின் பலேர்மோ நகரில், பிரான்காச்சோ குடியிருப்பில் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை எங்களுக்கு. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட மூன்று வயது மூத்தவள், மொண்டெல்லோவில் சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் இத்தாலிய அம்மா வீட்டில் வேலை. நான் தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள். ஊரிலிருந்து வந்த சாம்பார்ப் பொடி என் டப்பாவில் கொள்ளவில்லை. மிச்சத்தை அலமாரி மேல்தட்டில் இருந்த அக்காவின் மிளகாய்த்தூள் டின்னில் கொட்டி, நன்றாகக் குலுக்கியும் வைத்தேன். இரண்டும் காரப்பொடிதானே என்பது என் கட்சி. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வைத்த நண்டுக் குழம்பில் பெருங்காயம் மணந்தது.

"என்ரை பேணிக்கை ஆர் கை வைச்சது?"

"உங்க தூளுக்கு ஒண்ணும் ஆகலைக்கா. இன்னும் நல்லாத்தான் இருக்கும்."

"உமக்கு நல்லாய் இருக்கும். நண்டுக்கு?"

அன்றிலிருந்து மேல்தட்டை நான் தொடக்கூடாது என்று உத்தரவு. கீழ்த்தட்டில் அக்காவின் சட்டி பானைகள். என் டப்பாக்கள் ஜன்னலோரம் வெயிலில் காய்ந்தன. ஒரு டின் தூளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

இதே பொருமல் என் லேப்டாப் மேலும் இருந்தது. என் வேலை பைத்தான் என்ற நிரல்மொழியில். அதற்கு வேண்டிய மாட்யூல்களை, அதாவது யாரோ எழுதிவைத்த துணை நிரல்களை, இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். லேப்டாப்பையே இயக்குகிற லினக்ஸும் தன் சொந்தக் காரியங்களுக்குப் பைத்தானைத்தான் நம்பியிருக்கிறது. அதன் மாட்யூல்கள் தனியாக ஓரிடத்தில் இருக்கின்றன. அங்கே நான் எதையாவது வைக்கப் போனால், இது என் இடம், உன்னுடையதை வேறெங்காவது வைத்துக்கொள் என்று மறுத்துவிடும். ஏன் மறுக்க வேண்டும்? என் லேப்டாப், என் பாஸ்வேர்டு. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன குடியா முழுகிவிடும்?

மறுப்பை மீற ஒரு வழி உண்டு. "சிஸ்டம் உடைந்தாலும் பரவாயில்லை" என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கட்டளையோடு நாமே சேர்த்து எழுத வேண்டும். எந்த மடையன் அப்படி எழுதிக் கொடுப்பான் என்கிறீர்களா? நான் கொடுத்தேன், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். புதியது வந்து உட்கார்ந்ததும், பழையது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று லினக்ஸின் பைத்தானையே நீக்கச் சொன்னேன். இதோடு இவையெல்லாம் போகும் என்று நீளமாக ஒரு பட்டியல் ஓடியது. அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? சரி என்று அழுத்தினேன். அணைத்துப் போட்டால் வெறும் கறுப்புத் திரை. மூலையில் என் பெயரைக் கேட்டு ஒற்றை வரி.

அப்போதுதான் அக்காவின் கடிதம் நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்காவுக்குக் குவெஸ்தூராவில் நாள். இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவை அங்கேதான் போலீஸ் புதுப்பிக்கும். எத்தனையோ மாதம் காத்திருந்து கிடைத்த நாள். சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்ட வேலைக் கடிதம் இல்லாமல் போகவே முடியாது. கடிதத்தை ஸ்கேன் செய்து என் லேப்டாப்பில் போட்டிருந்தேன். பிரதியே போதும் என்று அசலைத் திருப்பி வாங்கித் தன் வீட்டில் பூட்டிவிட்டு சிஞ்ஞோரா ஜெனோவாவுக்குக் கப்பலேறிவிட்டாள். "பிரிண்ட் நான் எடுத்துத் தர்றேன்க்கா, கவலையை விடுங்க" என்று பெரிதாகச் சொன்னவளும் நானேதான்.

நிரல் எழுதிப் பிழைப்பவள் நான். பயத்தில் மூளை கூழாகிவிட்டது. லினக்ஸைப் புதிதாக ஏற்றுகிற பென்டிரைவைச் செருகினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவவா என்று திரை கேட்டது. விரலை என்டர் பொத்தான்மேல் வைத்திருந்தபோது அக்கா வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

"என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?"

"எல்லாம் போச்சுக்கா. உங்க லெட்டரும் போச்சு. அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்."

அக்கா கைப்பையைக்கூட இறக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தாள். திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீர் எதைக் குழப்பினீர்?"

"கம்ப்யூட்டர் தனக்குன்னு வச்சிருந்ததை. அதோட இடத்துல என்னோடதைத் திணிச்சு, அதோடதை எடுத்து எறிஞ்சிட்டேன்."

"மேல்தட்டிலை கை வைச்சிட்டீர்."

"ஆமாக்கா."

"என்ரை கடிதம் எந்தத் தட்டிலை கிடந்தது?"

கடிதம் என் சொந்தக் கோப்புகளோடு வேறிடத்தில் இருந்தது. அந்தப் பக்கமே நான் போகவில்லை.

"அது தனியா இருக்குக்கா. அதை நான் தொடலை."

"அப்ப அதுக்கு என்ன நடந்தது? விசரே உமக்கு? இருக்கிறதையும் அழிக்கப் பாக்கிறீர்! எடும் கையை!"

எடுத்தேன். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழைய கறுப்புத் திரைக்கே போய்ப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, என் கோப்புகளைக் காட்டு என்று ஒரு வரி அடித்தேன். பட்டியலில் மூன்றாவதாக அக்காவின் கடிதம் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வேறொரு பென்டிரைவில் அதை ஏற்றி, தெருமுனைக் கடையில் மூன்று பிரிண்ட் எடுத்தோம். ஒன்று போதும். அக்கா என்னை நம்பவில்லை.

மறுநாள் நானும் கூடப் போனேன். அதிகாரி கடிதத்தைப் படித்தார், முத்திரை குத்தினார், ரசீது தந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப ஏன் அழுறீர்? அலுவல் முடிஞ்சுது தானே."

"பயந்துட்டேன்க்கா."

"நான் மட்டும் பயப்படேல்லையே?" என்று அக்கா கையை விரித்துக் காட்டினாள். ரசீதின் ஓரம் வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

அன்று பின்னேரம் சட்டி பானைகளை இறக்கிக் கீழ்த்தட்டைக் காலி செய்து, ஈரத்துணியால் துடைத்தாள். "இது உம்மடை. இதிலை நீர் என்னவும் செய்யும். நான் தொடமாட்டன்." லினக்ஸிலும் நம் மாட்யூல்களுக்கென்றே இப்படி ஓரிடத்தைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பைச் சரிசெய்து, அதற்கும் அன்றே குடிபோனேன். டப்பாக்களை ஜன்னலோரத்திலிருந்து கொண்டுவந்து அடுக்கினேன், அழகு பார்த்தேன், கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குப் போனால், அக்கா புதிதாக வறுத்து இடித்த தூளை ஒரு சின்னப் போத்தலில் போட்டு, என் கீழ்த்தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கை நீட்டவில்லை.

"உமக்குத்தான் பிள்ளை. இதிலை வைக்கட்டோ?"

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. எல்லா இடத்திலும் கேட்டு நின்றவள் நான்தான். எனக்கு உடனே திமிர் ஏறிவிட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றேன்.